குடத்தில் நம் ஓலை எங்கே?

காஞ்சியிலிருந்து உத்திரமேரூர் செல்லும் பாதையில், உத்திரமேரூரை எட்டுவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது திருப்புலிவனம். புலிகள் உலவிய காடாம் ஒரு காலத்தில்! புலிக்கால் கொண்ட முனிவர் ஒருவர் பூசித்த தலமாம்! இன்று அங்கே புலியும் இல்லை, புலிக்கால் முனிவரும் இல்லை. வயலில் நெல் இருக்கிறது. மாலையில் சாலையை அடைத்துக்கொண்டு வீடு திரும்பும் எருமைகள் இருக்கின்றன. உழைத்து உழைத்துக் காய்த்துப்போன கைகளை உடைய மக்கள் இருக்கிறார்கள். அவ்வூரிலே நடந்த ஒரு சிறு கூட்டத்தில் பேச அண்மையில் நாம் சென்றிருந்தோம்.

என்ன பேசினோம்? பக்கத்திலேயே உத்திரமேரூர். பேசுவதற்குப் பொருளா பஞ்சம்! முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டைப் பேசினோம். 919இலும் 921இலும் கல்லிலே வெட்டி வைத்த அந்தக் குடவோலை முறையைப் பேசினோம். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்ததையும், தகுதி உடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டதையும், ஏதும் அறியாச் சிறுவனைக் கொண்டு ஓலை எடுக்கச் செய்ததையும், ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று பொறுப்புகளைப் பகிர்ந்ததையும், கணக்குக் காட்டாதவன் மறுபடி வாரியத்துக்குள் நுழைய முடியாது என்று விதித்ததையும் அடுக்கடுக்காகச் சொன்னோம். கைதட்டல் எழுந்தது. நமக்கும் களிப்புத்தான், மறைப்பானேன்?

கூட்டம் கலைந்தது. தேநீர்க் கடையருகே ஒரு பெரியவர் வந்து நின்றார். வெற்று மேனி, தோளிலே துண்டு, கையிலே நான்காக மடித்த தாள்.

"நல்லாப் பேசினீங்க தம்பி. ஒண்ணு கேக்கணும். நீங்க படிச்சவங்க."

"கேளுங்க ஐயா" என்றோம்.

"எங்க வூட்ல அம்மாவுக்கு மார்ல கட்டி. ஆபரேசன் பண்ணிட்டாங்க. இனிமே ஊசியாம். ஊசிக்கு முந்தி எக்கோ எடுக்கணுமாம். ஊசி போடப்போட, நடுவுல நடுவுலயும் எடுக்கணுமாம். கட்டி மார்ல, இதயத்தை எதுக்குத் தம்பி படம் புடிக்கிறாங்க? அங்கயும் பரவிடுச்சா? எங்கிட்ட மறைக்கிறாங்களா?"

தாளை நீட்டினார். ஆங்கிலத் தாள். அதிலே 'ஹெர்-2 பாசிட்டிவ்' என்று ஒரு வரி. நாம் பார்த்தோம், மறுபடி பார்த்தோம். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஓலையைப் பற்றி ஒரு மணி நேரம் முழங்கிய நமக்கு, அந்தப் பெரியவர் கையிலிருந்த இன்றைய ஓலையைப் படிக்கத் தெரியவில்லை!

வெட்கினோம். "விசாரித்துச் சொல்கிறேன் ஐயா" என்று விடைபெற்றோம். வீடு வந்தும் உறக்கம் வரவில்லை. மருத்துவ நண்பரைக் கேட்டோம். அவர் காட்டிய ஏடுகளைப் புரட்டினோம். நாம் கற்றது ஒரு நோயாளிக்கு மட்டும் உரிய செய்தி அல்ல. நாட்டுக்கு உரிய செய்தி. ஆகவே எழுதுகிறோம்.

மனித உடலில் எத்தனையோ கோடிக்கோடி உயிரணுக்கள். ஏறக்குறைய எல்லா உயிரணுவுக்குள்ளும் ஒரே சட்டப்புத்தகம். அதற்கு டி.என்.ஏ. என்று பெயர். அதிலே புரதம் செய்யக் கட்டளையிடும் மரபணுக்கள் மட்டும் சுமார் 20,000. கண்ணில் இருப்பதும் அதே புத்தகம். கல்லீரலில் இருப்பதும் அதே புத்தகம். அப்படியானால் கண் ஏன் கண்ணாக இருக்கிறது? கல்லீரல் ஏன் பார்க்கவில்லை?

உத்திரமேரூரையே எடுத்துக்கொள்ளுங்கள். சபை ஒன்று, விதி ஒன்று. ஏரி வாரியத்தார் ஏரிக்குரிய பகுதியைப் பார்க்கிறார். தோட்ட வாரியத்தார் தோட்டத்துக்குரிய பகுதியைப் பார்க்கிறார். உடலிலும் அதே ஏற்பாடு! கணையத்தின் ஒரு வகை உயிரணு இன்சுலின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்கிறது. விழித்திரை ஒளியை உணரும் புரதத்தின் பக்கத்தைத் திறக்கிறது. கல்லீரல் அல்புமின் பக்கத்தைத் திறக்கிறது. மற்றப் பக்கங்கள் மூடியே கிடக்கின்றன. எந்தப் பக்கம் திறந்திருக்கிறதோ, அதற்கு ஒரு படி எழுதப்பட்டு வேலைக்கூடத்துக்குப் போகிறது. அந்தப் படி ஓலையின் பெயர் தூது ஆர்.என்.ஏ. ஒரு மரபணுவிலிருந்து இப்படி ஓலைகள் புறப்படுவதைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறார்கள்.

அப்படியென்றால், ஒரு திசுவை எடுத்து, அதிலிருக்கும் ஓலைகளை எண்ணினால்? எந்த மரபணு அங்கே உழைக்கிறது, எது உறங்குகிறது என்று தெரிந்துவிடும் அல்லவா? அதைத்தான் செய்கிறார்கள். பத்து இலட்சம் ஓலைகளில் இந்த மரபணுவின் ஓலை எத்தனை என்று கணக்கிடுகிறார்கள். மூளைக்கு ஒரு கணக்கு, இதயத்துக்கு ஒரு கணக்கு, தோலுக்கு ஒரு கணக்கு, குடலுக்கு ஒரு கணக்கு. எல்லாவற்றையும் ஒரே ஏட்டில் தொகுத்து, உலகத்தார் யாவரும் பார்க்கும்படி வைக்கிறார்கள். திசுவாரி மரபணு வெளிப்பாட்டுத் தரவுத்தளம் என்று அதற்கு நீண்ட பெயர். உடலின் குடவோலைக் கணக்கு என்று நாம் சுருக்கிச் சொல்வோம்.

இனி, பெரியவரின் கேள்விக்கு வருவோம்.

ஹெர்-2 என்பது ஒரு மரபணு. அது செய்யும் புரதத்துக்கும் அதே பெயர். உயிரணுவின் மேற்புறத்தில் நின்றுகொண்டு, 'வளர்' என்ற செய்தியை வாங்கி உள்ளே அனுப்பும் வாயிற்காவலன் அது. நலமாக உள்ள மார்பகத் திசுவில் அளவோடு இருக்கும். மார்பகப் புற்றுநோய்களில் நூற்றுக்கு 15 முதல் 20 வரையிலானவற்றில் அந்த மரபணுவே பல படிகளாகப் பெருகிவிடுகிறது. ஓலை மேல் ஓலை! கட்டளை மேல் கட்டளை! வளர், வளர், வளர் என்ற ஓயாத கூச்சல்! கட்டி வெறிகொண்டு வளர்கிறது. அந்த வாயிற்காவலனைப் பிடித்துக் கட்டிப்போடும் மருந்துதான் டிராஸ்டுசுமாப் என்னும் ஊசி. 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. கொடிய வகை என்று மருத்துவர் அஞ்சிய நோய், அந்த ஊசிக்குப் பிறகு கட்டுக்குள் வரலாயிற்று.

ஆனால் — இங்கேதான் இருக்கிறது சூட்சுமம் — அந்தக் காவலன் மார்பகத்தில் மட்டுமா நிற்கிறான்? இல்லை! இதயத் தசையிலும் சிறிதளவு நிற்கிறான். அங்கே அவன் பகைவன் அல்லன்; நண்பன். களைத்துப்போன இதயத் தசையைத் தாங்கிப் பிடிப்பவன். மார்பகத்துப் பகைவனைக் கட்டப்போன ஊசி, இதயத்து நண்பனையும் கட்டிவிட்டது. 2001இல் வெளியான பெரும் ஆய்வின் முடிவைப் பாருங்கள்: வேறொரு வலிய மருந்தோடு இந்த ஊசியையும் சேர்த்துப் பெற்றவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு இதயம் தளர்ந்தது, அவ்வலிய மருந்தை ஊசியின்றிப் பெற்றவர்களில் நூற்றுக்கு 8 பேருக்கே அவ்வாறு ஆயிற்று. அதனால்தான் இன்று எச்சரிக்கையோடு, எந்த மருந்தோடு எதைச் சேர்ப்பது என்று அளந்து பார்த்து, இடையிடையே எக்கோ எடுத்து, இதயம் திடமாக உள்ளதா என்று பார்த்துப் பார்த்து ஊசி போடுகிறார்கள்.

பெரியவரே! நோய் இதயத்துக்குப் பரவிவிட்டதால் அல்ல, இதயத்தைக் காப்பதற்காகவே படம் எடுக்கிறார்கள். உங்களிடம் எவரும் எதையும் மறைக்கவில்லை. விளக்கிச் சொல்லத் தமிழில் ஒரு தாள் இல்லை, அதுதான் குறை.

இதைக் கற்றபோது நமக்கு விளங்கியது: ஒரு மரபணு எங்கே பேசுகிறது, எங்கே மௌனம் சாதிக்கிறது என்ற கணக்கு முன்கூட்டியே கையில் இருப்பது எத்தனை உயிர்களுக்குக் காப்பு!

அந்தக் கணக்கை உலகம் எழுதத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அமெரிக்காவில் 2000இல் ஆய்வாளர்கள் தத்தம் வெளிப்பாட்டுக் கணக்குகளைக் கொண்டுவந்து சேர்க்கும் பொதுக் களஞ்சியம் ஒன்று தோன்றியது. ஸ்வீடனில் மத்தியாஸ் ஊலென் தலைமையில் 2003இல் மனிதப் புரத வரைபடம் தொடங்கி, 2015இல் திசுவாரியான பெரும் படமாக வெளிவந்தது. ஏறத்தாழப் பாதி மரபணுக்கள் எல்லாத் திசுக்களிலும் உழைக்கும் பொதுத் தொண்டர்கள் என்றும், எஞ்சியவற்றில் பல இன்ன இன்ன உறுப்புக்கே உரியவை என்றும் அது காட்டியது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்கு அருகே ஹிங்ஸ்டனில் மனிதன், விலங்கு, பயிர் அனைத்துக்குமான வெளிப்பாட்டு வரைபடம் ஒன்று பராமரிக்கப்படுகிறது. அமெரிக்காவில் 2010இல் தொடங்கிய ஜி-டெக்ஸ் திட்டம், இறந்தோரின் குடும்பத்தார் இசைவோடு, உயிர் பிரிந்த சில மணி நேரத்துக்குள் திசுக்களைத் திரட்டியது. 948 கொடையாளர், 54 வகைத் திசு, உயிரணு மாதிரிகள், மொத்தம் 17,382 கணக்குகள். 2020இல் முழு முடிவும் வெளியாயிற்று.

பயன் என்ன என்று கேட்பீர்கள். 2020ஐ மறந்துவிட்டோமா? ஊரடங்கிலே உலகம் ஒடுங்கிக் கிடந்த நாள். கொரோனா நச்சுயிரி ஏஸ்-2 என்னும் புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் உயிரணுவுக்குள் நுழைகிறது என்று தெரிந்தது. எங்கே இருக்கிறது ஏஸ்-2? புதிதாகத் தேடவேண்டிய தேவை எழவில்லை. முன்பே எழுதி வைத்த கணக்கைத் திறந்தார்கள். மூக்கின் உட்புறத்திலே, சளி சுரக்கும் உயிரணுக்களிலும் மயிரிழை கொண்ட உயிரணுக்களிலும் அந்த ஓலை இருந்தது. ஏப்ரல் மாதத்திலேயே ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது. மூக்கையும் வாயையும் மூடுங்கள் என்ற அறிவுரைக்கு வலுச் சேர்த்த சான்றுகளில் அதுவும் ஒன்று. ஏடு முன்பே இருந்தது. ஆகவே விடை விரைந்து வந்தது!

விலங்குகளின் கணக்கும் வேண்டுமா? வேண்டும், வேண்டும் என்று கதறுகிறது இலண்டனில் நடந்த ஒரு நிகழ்ச்சி. 2006 மார்ச் 13. நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் ஆறு இளைஞர்களுக்கு டி.ஜி.என்.1412 என்ற புதிய மருந்தைச் செலுத்தினார்கள். குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்து, தீங்கில்லை என்று கண்டுதான் கொடுத்தார்கள். குரங்குக்குத் தீங்கற்ற அளவில் ஐந்நூற்றில் ஒரு பங்குதான் கொடுத்தார்கள். என்ன நடந்தது? சில மணி நேரத்துக்குள் அறுவரும் உயிருக்குப் போராடினர், உறுப்புகள் செயலிழந்தன. அரும்பாடுபட்டு அறுவரையும் பிழைக்கவைத்தனர் மருத்துவர்கள். காரணம் 2010இல் தெளிவாயிற்று: மருந்து பற்றிக்கொள்ளும் சி.டி.28 என்ற புரதம், நோய் எதிர்ப்புப் படையின் ஒரு பிரிவிலே மனிதனுக்கு வெளிப்படுகிறது. சோதனைக்கு எடுத்த குரங்கின் அதே பிரிவிலே வெளிப்படவில்லை! மரபணு இரண்டிலும் உண்டு. ஆனால் ஓலை ஒன்றில் உண்டு, மற்றதில் இல்லை.

புலிக்கால் முனிவர் கதையைச் சொன்னோமே, அதிலும் ஓர் உண்மையை நாம் ஏற்றிப் பார்க்கலாம். புலியின் காலைச் செய்யும் மரபணுக்களும் மனிதனின் காலைச் செய்யும் மரபணுக்களும் பெரும்பாலும் பொதுவானவை. எது, எப்போது, எவ்வளவு திறக்கப்படுகிறது என்பதிலேதான் பெரும் வேறுபாடு. மனிதக் கணக்கும் விலங்குக் கணக்கும் அருகருகே இருந்தால்தான் அந்த வேறுபாடு தெரியும். தெரிந்தால்தான் ஆறு பேர் துடிக்கமாட்டார்கள்.

நம் ஊர் எருமைக்கும் இதிலே பங்கு உண்டு! டாலி என்ற ஆட்டுக்குட்டியை 1996இல் படியெடுத்துப் பிறப்பித்த ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் நிறுவனத்தார், 2017இல் செம்மறி ஆட்டுக்கும் 2019இல் எருமைக்கும் வெளிப்பாட்டு வரைபடம் வெளியிட்டனர். மராட்டியத்துப் பந்தர்ப்புரி எருமை அதிலே இடம்பெற்றது. 2022இல் மாட்டுக்கான கணக்கு 7,180 மாதிரிகளோடு வந்தது. பால் மடியில் என்ன நடக்கிறது, நோய் எதிர்ப்பு எங்கே பிறக்கிறது என்று கறவையாளனுக்குப் பயன்படும் அறிவு அது. எருமையைக் கட்டி மேய்க்கும் குடும்பத்துக்கு அது ஏட்டுச் சுரைக்காய் அல்ல; கறிக்கு உதவும் சுரைக்காய்.

இத்தனை பெருமையும் சொன்னோம். இப்போது வேதனையைச் சொல்லவேண்டும்.

குடவோலையைப் பற்றி அன்று நாம் முழங்கியபோது ஒன்றைச் சொல்லாமல் விட்டோம். அந்தக் குடத்தில் எவர் ஓலை விழுந்தது? கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வயது 35க்கு மேல் 70க்குள் இருக்கவேண்டும். வடமொழி மந்திரப் பிராமணம் கற்றிருக்கவேண்டும். வேதம் ஒன்றும் உரை ஒன்றும் கற்றவனுக்கு நிலத்திலே சலுகை உண்டு. அரைக்கால் வேலி போதும். ஏர் பிடித்து உழுதவனுக்கு? ஏரிக்கு மண் சுமந்தவளுக்கு? அவர்கள் பெயரை எழுத ஓலை நறுக்கப்படவே இல்லை! முறை அருமையான முறை. கணக்கு நேர்மையான கணக்கு. ஆனால் குடத்துக்குள்ளே ஊர் இல்லை, ஊரின் ஒரு பகுதிதான் இருந்தது.

இன்றைய குடத்தைப் பாருங்கள். ஜி-டெக்ஸ் கொடையாளர் 948 பேரில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பேர் வெள்ளையர். ஆசியர் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவர். பெண்கள் மூன்றில் ஒரு பங்கு. அமெரிக்காவில் திரட்டினார்கள், அமெரிக்காவில் முன்வந்தோர் இடம்பெற்றார்கள். அவர்களைக் குறை கூறவில்லை. அவர்கள் வீட்டுக் கணக்கை அவர்கள் எழுதினார்கள். எழுதியதை உலகுக்கு இலவசமாகவும் திறந்து வைத்தார்கள். அந்தப் பண்பைப் போற்றுகிறோம். கேள்வி நம்மை நோக்கி! நம் வீட்டுக் கணக்கை நாம் எழுதினோமா?

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் நீரிழிவு நோயாளர் 10.1 கோடி என்று கணக்கிட்டது. சென்னையின் நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு அது. நம்மவருக்கு இந்நோய் ஐரோப்பியரைவிட இளவயதிலேயே வருகிறது. உடல் பருக்காதவரையும் தாக்குகிறது. ஏன்? உணவா, உழைப்பு மாறியதா, தாயின் வயிற்றிலே பட்ட பட்டினியா? இவை ஒவ்வொன்றும் கணையத்திலும் ஈரலிலும் கொழுப்பிலும் எந்தப் பக்கத்தைத் திறக்கிறது, எதை மூடுகிறது? அதைப் பார்க்க நம்மவர் திசுவின் கணக்கு வேண்டாமா? அடுத்த வீட்டுக்காரன் கணக்குப் புத்தகத்தைப் புரட்டி நம் வீட்டுக் கடனை அறியமுடியுமா?

ஒன்றுமே நடக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. ஜீனோம் இந்தியா திட்டத்தில் 83 மக்கள் குழுக்களிலிருந்து திரட்டிய 9,772 பேரின் மரபுத் தொகுதிகள் 2025 சனவரியில் ஃபரிதாபாத் தரவு மையத்தின் வழியே ஆய்வாளருக்குத் திறக்கப்பட்டன. சென்னை ஐ.ஐ.டி. 2025 பிப்ரவரியில் 480 மார்பகப் புற்றுநோயாளரின் திசுக்களை ஆராய்ந்து புற்றுநோய் மரபணு ஏடு ஒன்றை வெளியிட்டது. பாராட்டுகிறோம். ஆனால் இவை சட்டப்புத்தகத்தின் எழுத்தைப் பார்ப்பவை. எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று சொல்பவை. எந்த உறுப்பில் எந்தப் பக்கம் படிக்கப்படுகிறது என்பது வேறு கணக்கு. அந்த வேறு கணக்கிலும் ஒரு தொடக்கம் உண்டு: சிங்கப்பூர், ஜப்பான், கொரியா, தாய்லாந்து, இந்தியா ஆகிய ஐந்து நாட்டு ஆய்வாளர்கள் கூடி, 619 பேரின் குருதியிலுள்ள எதிர்ப்பு உயிரணுக்களை ஒவ்வொன்றாக எண்ணி 2025இல் வெளியிட்டார்கள். சிங்கப்பூர் இந்தியரும் அதில் உண்டு. அங்குள்ள இந்தியரில் பெரும்பாலோர் தமிழர். மகிழ்ச்சி! ஆயினும் அது குருதி மட்டும். ஈரல் எங்கே? கணையம் எங்கே? இதயம் எங்கே? ஜி-டெக்ஸ் அளவில் நம்மவர் திசுக்களுக்கென ஓர் ஏடு இன்னும் எழுதப்படவில்லை.

நம்மால் ஆகுமா என்று ஐயுறுவோர் உண்டு. ஆகும்! 2024 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையம், கருவிலுள்ள குழந்தையின் மூளையை 5,132 மெல்லிய துண்டுகளாக்கிப் படமெடுத்து, 'தரணி' என்ற பெயரில் உலகுக்கே இலவசமாகத் தந்தது. உலகம் சென்னையின் ஏட்டைப் பார்த்துக் கற்கிறது! கையும் உண்டு, கருவியும் உண்டு, கற்றோரும் உண்டு. கருத்து ஒன்றுதான் வேண்டும்.

"சோற்றுக்கு வழி தேடுவோமா, ஓலை எண்ணுவோமா?" என்று கேட்பார் சிலர். சோற்றுக்கு வழி தேடியவன் நோயிலே விழுந்தால், தேடிய சோறும் போகிறதே! இருந்த காணியை விற்று மருத்துவம் பார்த்த குடும்பங்கள் ஊருக்கு எத்தனை? எந்த மருந்து எவருக்குப் பயன்படும், எவருக்கு வீண் என்று முன்பே தெரிந்தால், அந்தக் காணியில் ஒரு பகுதியாவது மிஞ்சும்.

"இன வேற்றுமை பேசுகிறீர்களா?" என்பார் வேறு சிலர். இல்லை! மனிதருக்குள் மரபணு வேறுபாட்டில் நூற்றுக்கு 85 பங்கு ஒரே கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் இடையே இருப்பது மிகச் சிறிது என்று 1972இலேயே ரிச்சர்ட் லெவொன்டின் காட்டிவிட்டார். இரத்தத்திலே உயர்வு தாழ்வு தேடுவோர்க்கு இந்த ஏட்டில் இடம் இல்லை. ஆனால் உண்ணும் உணவு, குடிக்கும் நீர், உழைக்கும் வெயில், பட்ட வறுமை ஆகிய எல்லாமும் மரபணுவின் திறப்பையும் மூடலையும் மாற்றக்கூடியவை. உத்திரமேரூர் வெயிலில் உழுபவனின் உடல் நிலையை ஊஸ்டன் நகரத்து உடலில் தேடாதே என்கிறோம். இதற்குப் பெயர் இன வெறி அல்ல, கணக்கு நேர்மை.

மூன்றாவது ஓர் அச்சம் உண்டு. அது நியாயமான அச்சம். "ஏழையின் உடலை எடுத்து எவனோ கொழுப்பானோ?" 1951இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஹென்றியெட்டா லாக்ஸ் என்ற கருப்பினத் தாய், கருப்பைக் கழுத்துப் புற்றுநோயால் 31 வயதில் இறந்தார். புகையிலைத் தோட்டத்து உழைப்பாளி. அவர் கட்டியிலிருந்து எடுத்த உயிரணுக்கள் இன்றும் உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்கின்றன. நாம் மேலே சொன்ன ஸ்வீடன் ஏட்டிலும் அவற்றின் ஓலைக் கணக்கு இருக்கிறது. அவரிடம் எவரும் இசைவு கேட்கவில்லை! குடும்பத்தாருக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் தெரியவே தெரியாது! அவர்கள் மரபுத் தொகுதியை எவர் பார்ப்பது என்பதில் குடும்பத்தாருக்குக் குரல் கிடைத்தது 2013இல்தான். அறிவியலுக்கு அது அணிகலன். அறத்துக்கு அது தழும்பு. அந்தத் தழும்பு தமிழ்நாட்டில் விழக்கூடாது.

ஆகவே நாம் கேட்பது என்ன?

தமிழ்நாட்டு மக்களின் திசுவாரி மரபணு வெளிப்பாட்டு ஏடு ஒன்று வேண்டும். அரசு முன்னின்று, மருத்துவக் கல்லூரிகளும் ஆய்வகங்களும் தோள்கொடுத்து எழுதவேண்டும். மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைக் கொடையாகப் பெறும் திட்டத்தை 2008இலேயே ஒழுங்குற நடத்தத் தொடங்கிய மாநிலம் இது. உறுப்புக் கொடையாளரின் இறுதிப் பயணத்துக்கு அரசு மரியாதை என்று 2023 செப்டம்பரில் அறிவித்த மாநிலம் இது. துயரத்தின் உச்சத்தில் நின்றும் 'பிறர் வாழட்டும்' என்று கையெழுத்திடும் தாய் தந்தையர் வாழும் மண் இது. அவர்களிடம் உண்மையைச் சொல்லிக் கேட்டால், ஒரு துளித் திசுவுக்கா மறுப்பார்கள்?

ஆனால் நிபந்தனைகள் உண்டு. இசைவுத் தாள் தமிழில் இருக்கவேண்டும். அதைப் படித்துக் காட்டி, விளங்கியதா என்று கேட்கவேண்டும். கொடையாளரில் பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும். உழவர், நெசவாளர், மீனவர், மலைவாழ் மக்கள், தூய்மைப் பணியாளர் ஆகிய அனைவர் ஓலையும் குடத்தில் விழவேண்டும். எவர் எனத் தெரியாதபடி பெயர் மறைக்கவேண்டும். ஏடு எல்லோர்க்கும் திறந்திருக்கவேண்டும்; அதைக் கொண்டு மருந்து செய்து பொருளீட்டுவோர், அந்த மருந்தை அரசு மருத்துவமனைக்கு எட்டும் விலையில் தரவேண்டும். எருமைக்கும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் அதேபோல் ஏடு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உத்திரமேரூர்க் கல் சொல்கிறதே, கணக்குக் காட்டாதவன் வாரியத்துக்குள் நுழையக்கூடாது என்று! அந்த ஒரு விதியை அப்படியே எடுத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் மக்கள் முன் கணக்கு வைக்கட்டும்.

காஞ்சி மண்ணுக்கு இதைக் கேட்கும் உரிமை கூடுதலாக உண்டு. இந்த மண் தந்த அண்ணா, 1968இல் நியூயார்க்கில் அறுவை செய்துகொண்டும், 1969 பிப்ரவரி 3 அன்று புற்றுநோய்க்குப் பலியானார். அன்று அந்தக் கட்டிக்குள் எந்தப் பக்கம் திறந்திருந்தது என்று பார்க்க உலகில் எவரிடமும் கருவி இல்லை. இன்று இருக்கிறது. அவர் பெயர் தாங்கிய அரசுப் புற்றுநோய் மருத்துவமனை காஞ்சிக்கருகே காரப்பேட்டையில் நிற்கிறது. அன்று இயலாதது விதி என்று அழுதோம். இன்று இயன்றும் செய்யாதிருந்தால் அதற்கு என்ன பெயர் வைப்போம்?

மறுவாரம் திருப்புலிவனம் சென்றோம். பெரியவர் அதே கடையருகே இருந்தார். இதய விவரத்தைச் சொன்னோம். முகம் தெளிந்தது. கடைக்கு வந்திருந்த பள்ளி மாணவி ஒருத்தி தன் கைப்பேசியில் அந்த ஸ்வீடன் ஏட்டைத் திறந்தாள். காசு கேட்கவில்லை, கதவு தட்டவில்லை, திறந்துவிட்டது. இன்சுலின் மரபணுவைத் தேடினாள். கணையத்துக்கு நேரே கோடு ஓங்கி நின்றது. மற்ற உறுப்புகளில் ஏறக்குறைய வெறுமை. ஹெர்-2ஐத் தேடினாள். பல உறுப்புகளில் கோடுகள். இதயத் தசைக்கு நேரேயும் சிறு கோடு. பெரியவர் அந்தச் சிறு கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தத்தான் காப்பாத்த எக்கோ எடுக்கிறாங்களா?"

"ஆமாம் ஐயா."

"சரி தம்பி. இதுல நம்ம ஆளுங்க கணக்கு எது?"

மாணவி நம்மைப் பார்த்தாள். நாம் கோடுகளைப் பார்த்தோம்.

"இன்னும் எழுதல ஐயா" என்றோம்.

"எழுதச் சொல்லுங்க" என்றார் அவர்.

சொல்லிவிட்டோம்.